முள் நிற்கும் வரை

பெத்தணன் ஆஸ்பத்திரி வேலைக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் விருதுநகரில் ஒரு பருத்தி அரைவை ஆலையில் எடை போட்டவர். மல்லாங்கிணற்றிலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் பருத்தி ஏற்றி வண்டி கட்டி வரும் சம்சாரிகள் அவர் சொன்ன எடைக்கு மறுபேச்சுப் பேசமாட்டார்கள். முள் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் எண்ணைச் சொல்வதில்லை என்பதுதான் காரணம். பின்னால் இருபது வண்டி காத்து நிற்கட்டும், முதலாளி உள்ளேயிருந்து சத்தம் போடட்டும், முள் நின்ற பிறகுதான் வாயைத் திறப்பார்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது அந்த வேலையை விட்டார். சிவகாசியில் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் காயத்துக்குக் கட்டுப் போடும் ஆளாகச் சேர்ந்தது 1954இல். இருபது கட்டில்கள். பாதிக்கு மேல் பட்டாசுக் கம்பெனிகளிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் வெந்து வந்தவர்கள். காலை ஆறு மணிக்குப் பழைய துணியைப் பிரிக்கத் தொடங்கினால் கடைசிக் கட்டிலுக்கு வரும்போது பத்தரை ஆகிவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒட்டிய துணியை நூல் நூலாக எடுப்பார். வலியில் அவரைத் திட்டாதவர்கள் குறைவு. அவர் அடுத்த நூலை எடுப்பார்.

கையை அளக்கும் வேலை அவருக்கு வந்து சேர்ந்தது இரண்டு வருடம் கழித்து. தோள் வெந்து மூன்று மாதம் கிடந்த ஒருவனை, குணமாகிவிட்டது என்று டாக்டர் தனுஷ்கோடி சீட்டு எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அவன் கை விட்டுப் போய், தூக்கி வந்த வெடிமருந்துத் தட்டு கீழே விழுந்து பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் வெந்தார்கள். அவர்களுக்கும் பெத்தணன்தான் கட்டுப் போட்டார். டாக்டர் அந்த ஊர் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, மதராசில் படித்தவர், அப்போது முப்பத்திரண்டு வயது. அன்று மதியம் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“குணமாயிருச்சுன்னு எழுதுனேனே பெத்தணன், எதைப் பாத்து எழுதுனேன்? புண்ணு ஆறுனதைப் பாத்து எழுதுனேன். கைக்கு வலு வந்துச்சான்னு யாரு பாத்தா?”

“எடை போட்டுப் பாத்திரலாம்யா,” என்றார் பெத்தணன். அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

டாக்டரின் புத்தகம் ஒன்றிலும் அப்படி ஒரு முறை இருந்தது. ஆஸ்பத்திரியின் பின்னறையில் தரையில் ஓர் இரும்பு வளையத்தைப் பதித்தார்கள். அதில் ஒரு வில் தராசைக் கொக்கி போட்டு மாட்டி, தராசின் மேல் முனையில் ஒரு தோல் வாரைக் கட்டினார்கள். நோயாளி சுவரில் முதுகு ஒட்ட நிற்கவேண்டும். வாரை மணிக்கட்டில் மாட்டி, முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கி, முன்கையை முன்னால் நீட்டவேண்டும். முழங்கை செங்கோணத்தில் இருக்கிறதா என்று பெத்தணன் ஆசாரியிடம் வாங்கிய மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பார். பிறகு மேலே இழுக்கச் சொல்வார். கை நகராது. நகரவும் கூடாது. நின்ற இடத்தில் நின்றபடி எவ்வளவு இழுக்க முடிகிறது என்பதுதான் கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் முள் எகிறும், அந்த எண் செல்லாது. ஐந்து எண்ணும் வரை முள் எங்கே நிற்கிறதோ அதுவே எண். மூன்று தடவை, நடுவில் ஓய்வு. கடைத்தெருவில் கிலோ வந்துகொண்டிருந்தது. பின்னறையில் கடைசிவரை பழைய ராத்தல்தான், கிலோவில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

டாக்டரின் விதி எளிது. அடிபட்ட கை, அடிபடாத கையின் வலுவில் முக்கால் பங்கு இழுத்தால் சீட்டு. இல்லையென்றால் அடுத்த மாதம் வரவேண்டும்.

பெத்தணன் இரண்டு கையையும் ஒவ்வொரு முறையும் அளந்தார். முதல் நாள் அளந்த நல்ல கையை அப்படியே வைத்துக்கொண்டால் போதாதா என்று டாக்டர் கேட்டபோது, “போன மாச எடைக்கு இந்த மாசம் ரசீது போட முடியுமாய்யா?” என்றார். டாக்டருக்கும் அது சரியாகப் பட்டது.

வேலைக்குப் போகப் பிடிக்காமல் வேண்டுமென்றே கையைத் தளர்த்தி இழுப்பவர்களும் வருவார்கள். பொய்யாக இழுப்பவனால் மூன்று தடவையும் ஒரே இடத்தில் முள்ளை நிறுத்த முடியாது. ஒன்று பதினொன்றில் நிற்கும், ஒன்று பத்தொன்பதில் நிற்கும்.

“ஏலே, மாமியா வீட்டுல தண்ணி சேந்துற மாதிரி இழுக்கிற. ஒழுங்கா இழு,” என்பார். ஆள் சிரித்துவிட்டு ஒழுங்காக இழுப்பான்.

இருளம்மாள் பின்னறைக்கு அளக்க வந்தது 1961 மாசியில். ஆனைக்குட்டத்துப் பக்கம் ஒரு கரிசல் ஊர். முப்பது வயது, புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பட்டாசுக் கம்பெனியில், மருந்து நிரப்பிய காகிதக் குழாய்களைத் தட்டில் அடுக்கி, நிரப்பும் அறையிலிருந்து வெயிலில் காயப்போடும் மேடைக்குத் தூக்கிப் போகும் வேலை. கார்த்திகைக் கடைசியில் மேடையோரம் ஒரு தட்டு பற்றிக்கொண்டதில் வலது கை தோள்வரை வெந்துவிட்டது. புண் ஆறியபோது முழங்கைத் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்து, நீட்டி மடக்கி, அதை வழிக்குக் கொண்டுவர ஒரு மாதம் ஆயிற்று.

முதல் அளவில் வலது கை ஒன்பது ராத்தல், இடது இருபத்தாறு.

“இது வளரும் தாயி. வெந்த கையை வேலையில மாட்டி வதைக்காத. நான் சொன்ன பயிற்சி மட்டும் குடு. வீட்டு வேலையெல்லாம் நல்ல கையில பாத்துக்க,” என்று சொல்லி அனுப்பினார். எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்.

அவள் சொன்னபடி செய்தாள். மாதா மாதம் ஏழு மைல் நடந்து வந்தாள். பங்குனியில் பதின்மூன்று, சித்திரையில் பதினாறு, வைகாசியில் இருபது, ஆனியில் இருபத்தொன்று. ஒவ்வொரு முறையும் பெத்தணன் இரண்டு எண்களையும் எழுதி, பங்கு போட்டுப் பார்த்து, தலையை ஆட்டுவார். பாதியைத் தாண்டியிருந்தது. முக்காலுக்கு வரவில்லை.

“எம்புட்டு இழுக்கணும்ணே, அதையாச்சும் சொல்லுங்க.”

“இடது கையில முக்காவாசி.”

“அதுக்கு எந்தக் கடையில வாங்கிச் சாப்பிடணும்?” என்றாள் இருளம்மாள். சிரிப்பதற்கு இருவருக்கும் தெம்பில்லை.

அவளுக்கு இருந்த அவகாசம் ஆடி முடியும் வரை. ஆடியில் எந்தக் கம்பெனியும் புது ஆள் எடுக்காது. அந்த மாதத்தில் தொடங்குவது எதுவும் விளங்காது என்பது முதலாளிகளின் நம்பிக்கை. ஆவணி முதல் தேதி எல்லாக் காலி இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். தீபாவளி சீசன் நெருங்கிவிடும். அவள் வேலை பார்த்த கம்பெனியின் போர்மேன் சங்கிலிமுத்து ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டார்: ஆவணி ஒன்றாம் தேதி சீட்டோடு வந்தால் அவள் இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சுவது களையெடுப்பு. அதுவும் மழை பெய்தால்தான். அந்த வருடம் கரிசலில் மழை இல்லை.

ஆடி இருபதாம் தேதி வந்தாள். காற்று புழுதியை அள்ளி ஆஸ்பத்திரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வலது கை இருபத்திரண்டு, இடது முப்பத்தெட்டு. பெத்தணன் நோட்டை மூடினார். இருளம்மாள் வலது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

குடிதண்ணீர்ப் பானை காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிணற்றுச் சத்தம் கேட்டு, பெத்தணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இருளம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிணறு ஐம்பதடி. வாளி இரும்பு வாளி. அவள் இடது கையால் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தாள், இழுத்த கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டாள், கையை விட்டுக் கீழே பிடித்தாள், மறுபடி இழுத்தாள். ஒரே தாளத்தில் வாளி வந்துகொண்டிருந்தது. வலது கை முந்தானைக்குள் ஓய்வாக இருந்தது. வாளியைச் சுவரில் வைத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ரவிக்கைக்குக் கீழே அந்த இடது கை மூட்டை தூக்குபவன் கை மாதிரி உருண்டிருந்தது.

பெத்தணன் நோட்டைத் திறந்து இடது கை எண்களை மேலிருந்து கீழே படித்தார். இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. ஆறு மாதமாக அவரே எழுதிய எண்கள். வலது கை வளரவளர, அது எட்டிப் பிடிக்கவேண்டிய கையும் கூடவே வளர்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் இடது கையில் முக்கால் என்றால் இருபதுக்கும் குறைவு. வைகாசியிலேயே அவள் அதைத் தொட்டுவிட்டாள்.

வெளியே போய், “வீட்டுலயும் இப்படித்தான் இறைக்கிறியா தாயி?” என்று கேட்டார்.

“பின்ன? நீங்கதான நல்ல கையில பாருன்னீக. ரெண்டு எருமைக்கும் சேத்து நாப்பது வாளி. தெருவுல என்னைய ஆம்பளக் கைக்காரின்னுதான் கூப்பிடுறாக.”

டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோய் வைத்தார். டாக்டர் இரண்டு முறை படித்தார்.

“அப்ப வைகாசியிலயே சீட்டுக் குடுத்திருக்கணும்,” என்றார் பெத்தணன்.

“அப்படியும் சொல்ல முடியாது. மாசியில அவ உடம்புல ரத்தம் எங்க இருந்துச்சு? நாப்பது நாள் கட்டில்ல கெடந்தவ. நல்ல கையும் அன்னைக்கு வத்தித்தான் இருந்திருக்கும். அந்த இருபத்தாறை எப்படி நம்புறது?”

“அப்ப முப்பத்தெட்டும் பொய், இருபத்தாறும் பொய்.”

“பொய்யில்ல பெத்தணன். அன்னன்னைக்கு நெசம்.”

வார்டில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். பெத்தணன் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “ஐயா, அவ தூக்குற தட்டு எம்புட்டு கனம்?” என்றார்.

டாக்டருக்குத் தெரியவில்லை. பெத்தணனுக்கும் தெரியவில்லை. ஐந்து வருடமாக, முக்காலுக்கு வராத கைகளை அவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கைகள் எதைத் தூக்கப் போகின்றன என்று ஒரு நாளும் எடை போடவில்லை. எடை போட்டே வயிறு வளர்த்தவர் தமக்கு இது தோன்றாமல் போனதைப் பற்றிப் பிறகும் யாரிடமும் பேசியதில்லை.

மறுநாள் கட்டுப் போடும் வேலை முடிந்ததும் தராசைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் நான்கு மைல் நடந்து கம்பெனிக்குப் போனார். சங்கிலிமுத்து கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

“சாக்குல என்னது? இரும்பா? இரும்போட உள்ள விடமாட்டேன்ணே. ஒரசுனா ஒங்களுக்கும் சேத்து நான் கட்டுப் போடணும்.”

“உள்ள வரலைங்க அண்ணாச்சி. தட்டை வெளிய கொண்டாங்க. மருந்துத் தட்டு வேண்டாம். அதே கனத்துக்கு மண்ணு நெரப்பிக் குடுங்க, போதும்.”

“அந்தப் பொம்பளைக்காகவா? எனக்கு மட்டும் அவ வரக் கூடாதுன்னா இருக்கு? தட்டு விழக் கூடாது, அம்புட்டுத்தான். அஞ்சு வருசம் முந்தி, நீங்க சீட்டுக் குடுத்தவன் தட்டு விழுந்தப்ப நான் பக்கத்துல நின்னவன்.”

கேட்டுக்கு வெளியே வேப்பமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு நிறுத்தார்கள். பதினெட்டு ராத்தல். சாக்கையும் தராசையும் காவலாளியிடம் விட்டுவிட்டு, நிரப்பும் அறை வாசலிலிருந்து மேடை வரை சங்கிலிமுத்துவோடு நடந்தார் பெத்தணன். தட்டு ஏந்திப் போகும் பெண்ணின் நடைக்குச் சமமாக நடந்து எண்ணினார். நூற்று நாற்பது காலடி. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டார். நாற்பது என்றார் சங்கிலிமுத்து. சீசனில் அறுபது.

ஒரு கைக்கு ஒன்பது ராத்தல், நூற்று நாற்பது எண்ணும் வரை. அப்போது முதல் முறையாக அவருக்கு அளக்கவேண்டியது எதுவென்று தெரிந்தது.

ஆடி முப்பதாம் தேதி இருளம்மாளை வரச் சொன்னார். டாக்டரும் பின்னறைக்கு வந்து நின்றார். பெத்தணன் அவள் முழங்கையை மடக்கி, மூலைமட்டம் வைத்து, வாரை மாட்டினார்.

“இன்னைக்கு இழுத்துக் காட்ட வேண்டாம். முள்ளு ஒம்பதுல நிக்கணும். ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம். நான் எண்ணி முடிக்கிற வரைக்கும்.”

முதல் முறை நூற்று நாற்பதும் முடிந்தது. முள் அசையவில்லை. இருளம்மாளின் மேலுதட்டில் வேர்வை நின்றது. தட்டை இறக்கி, வெறுங்கையோடு திரும்பி நடக்கும் நேரத்தையே ஓய்வாகக் கொடுத்தார். இரண்டாவது முறை நூற்று இருபதுக்குமேல் கை நடுங்கியது, ஆனாலும் முள் ஒன்பதிலேயே நின்றது.

“போதும் பெத்தணன்,” என்றார் டாக்டர்.

“மூணு தடவைங்கய்யா.”

மூன்றாவது முறை தொண்ணூறு வரை நன்றாகத்தான் இருந்தது. நூறில் முள் எட்டரைக்கு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒன்பதுக்கு ஏற்றினாள். நூற்றுப் பன்னிரண்டில் எட்டுக்கு இறங்கியது. பிறகு ஏழு. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு முயன்றும் மேலே வரவில்லை. பெத்தணன் எண்ணுவதை நிறுத்தவில்லை. நூற்று நாற்பது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் வாரைக் கழற்றினார்.

மணிக்கட்டில் வார் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருளம்மாள் கேட்டாள். “மூணாவது எதுக்குண்ணே பாத்தீக?”

“ஒரு நாளைக்கு நாப்பது நடை தாயி.”

“ரெண்டோட நிறுத்தியிருந்தா நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருமா?”

அவர் நோட்டில் மூன்றையும் எழுதினார். மூன்றாவதற்கு எதிரே, நூற்றுப் பன்னிரண்டில் எட்டு, பிறகு ஏழு என்று எழுதினார். எழுதியதை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

டாக்டர் மூன்று வரிகளையும் படித்தார். பிறகு உட்கார்ந்து சீட்டு எழுதினார். வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், இரண்டு மாதத்துக்குத் தட்டில் பாதிச் சுமை மட்டும். எழுதி முடித்து, “இதை அவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியாது,” என்றார்.

“ஒத்துக்கலைன்னா?” என்றாள் இருளம்மாள்.

டாக்டர் சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

சங்கிலிமுத்து ஒத்துக்கொண்டார். ஆவணி முதல் தேதி காலையில் சீட்டைப் படித்துவிட்டு, “பாதித்தட்டா? அப்ப நடை ரெட்டிப்பு, பாத்துக்க,” என்று மட்டும் சொன்னாராம். ஒரு வாரத்தில் அவளுக்குப் பாதித்தட்டு என்றே பெயராகிவிட்டது. மற்றவர்கள் நாற்பது நடை நடந்தால் அவள் எண்பது நடந்தாள். கைக்குக் குறைந்த பாரம் காலுக்குப் போயிற்று.

பெத்தணன் தம் பழைய நோட்டுகளை எடுத்து, முக்கால் வராமல் திருப்பி அனுப்பிய பதினொரு பேருக்கும் அஞ்சலட்டை எழுதினார். கையை மறுபடி பார்க்கவேண்டும், வரவும், என்று ஒரே வாசகம். மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டதாகப் பதில் எழுதினார்கள். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

இருளம்மாள் புரட்டாசிக்கு அளக்க வரவேண்டியவள் வரவில்லை. ஒரு கண் காயத்துக்காக ஆளைக் கூட்டிக்கொண்டு வந்த சங்கிலிமுத்துவிடம் விசாரித்தார்.

“அவளா? முழுத்தட்டு தூக்குறாண்ணே, பத்து நாளா. சீசன்ல லோடு நிக்குது. பாதித்தட்டு வச்சு நான் எப்படி ஆர்டர் முடிக்கிறது? அவளாத்தான் எடுத்தா. நான் சொல்லலை.”

பெத்தணன் தமக்கு ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனிக் கேட்டுக்குப் போனார். சீசனில் ஞாயிறும் வேலை உண்டு. வேலை விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கடைசியில் வந்த இருளம்மாள் அவரைப் பார்த்து நின்றாள். முகத்திலும் கையிலும் மருந்துப் பொடியின் சாம்பல் நிறம் படிந்திருந்தது.

“என்னண்ணே, இங்கன வந்து நிக்கிறீக. தராசு கொண்டாந்திருக்கீகளா?”

“இல்ல. ஒரு நா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போ.”

“லீவு போட்டா எடத்துல ஆளைப் போட்டுருவாக. தீவாளி கழியட்டும்.”

“கை எப்படி நிக்குது?”

அவள் யோசித்துச் சொன்னாள். “முப்பது நடை வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்குமேல நடுக்கம் வரும். வந்தா, பாரத்தை இடது கைப் பக்கம் சாச்சுக்குவேன். அது தாங்கிக்கும்.”

“நடுக்கம் வந்தா உடனே எறக்கி வச்சிரணும். எங்கன நின்னாலும் சரி.”

“நடுவழியில எறக்குனா பின்னால வாரவ ஏசுவாண்ணே.”

“ஏசட்டும். எறக்கு.”

“சரிண்ணே,” என்றாள். சரி என்றதில் பிடி எதுவும் இல்லை. பிள்ளைகள் தனியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, முன்னால் போன கூட்டத்தை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

மறுநாள் காலை கட்டுப் போடும் வேலைக்குப் போகுமுன் பெத்தணன் நோட்டைத் திறந்து, அவள் பக்கத்தில் புரட்டாசி என்று எழுதினார். ராத்தல் எழுதும் இடத்தில், முப்பது நடைக்குமேல் நடுக்கம், இடது கை தாங்குகிறது, அவள் சொன்னது, அளக்கவில்லை என்று எழுதினார். மை காயும் வரை காத்திருந்துவிட்டு, முதல் கட்டிலுக்குப் போய் உப்புத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.